அரை அங்குலம்

இருபத்திரண்டு வருஷம்
காலர் மட்டும் தைத்தவள் நான்.
மொபெனி ஃபாக்டரியில் ஆறாவது வரிசை.
எனக்கு முன்னால் தோள் சேர்ப்பவள்,
எனக்குப் பின்னால் நொமூசா, கை பூட்டுகிறவள்.
ஒரு முழுச் சட்டை என் மடியில் கிடந்ததே இல்லை.

ஆகவே முழுசாய் ஒன்று தைப்பது எனக்குப் புதுசு.
ஆறுக்கு எட்டு, நாற்பத்தெட்டுச் சதுரம்.
ஓட்ஸ் டப்பா அட்டையில் அளவு வெட்டிக்கொண்டேன்.
சனிக்கிழமை கேட்டில் விற்கும் கழிவு மூட்டை, பத்து ராண்ட்;
பிரித்தால் எல்லாம் பள்ளிக்கூடம்:
வெள்ளை, சாம்பல், கருநீலம்.
பிறக்காத பிள்ளைக்கு இப்போதே யூனிஃபார்மா?
விக்டோரியா தெருவில் இறங்கி
ஷ்வேஷ்வே துணி அரை மீட்டர் எடுத்தேன், செங்காவி.
கஞ்சி மொடமொடத்தது.
விளிம்பை நக்கினேன். உப்பு.
அசல் என்றால் உப்பிருக்கும் என்று
சொல்லித்தந்தவளும் நொமூசாதான்,
நாங்கள் பேசிக்கொண்டிருந்த காலத்தில்.

மார்ச் மாதம் அவள் தினமும் தாமதம்.
கழிப்பறைக்குப் போனால் பத்து நிமிஷம்.
நான் முடித்த சட்டைகள் அவள் மேஜையில் குவிந்தன,
எண்ணிக்கை விழுந்தது, போனஸ் போனது.
சூப்பர்வைசர் வந்து யாரால் என்றான்.
நான் வாயால் சொல்லவில்லை.
தாடையை ஒரு பக்கம் திருப்பினேன்,
அவ்வளவுதான்.
அவளுக்கு மூன்று நாள் சம்பளம் பிடித்தார்கள்.
மே மாதம் மேலங்கி முன்னால் தூக்கியபோது
வரிசை முழுக்கத் தெரிந்துபோனது
அவள் எதற்கு ஓடி ஓடி வாந்தியெடுத்தாள் என்று.

குளிர்காலம் முழுக்க மின்வெட்டு.
எட்டு மணிக்குப் போனால் பத்தரைக்கு வரும்.
பாதித் தையலில் மெஷின் செத்துப்போகும்,
ஊசி துணிக்குள் குத்தியபடி நிற்கும்.
பூபாலன் டார்ச் பிடித்துக்கொண்டு
'யாருக்கு?' என்றார்.
'ஃபாக்டரியில் ஒருத்திக்கு.'
'பெப் கடையில் முந்நூறு ராண்டுக்கு ரெடிமேடாய்க் கிடைக்குமே.'
கிடைக்கும்.

சேர்த்துத் தைத்தால் ஒவ்வொரு துண்டும்
பக்கத்துக்குக் கால் அங்குலம் கொடுக்கவேண்டும்.
ஐந்தாய் வெட்டியது நாலரையாய் நிற்கும்.
கொடுத்த அரை அங்குலம் எங்கும் போவதில்லை,
உள்ளே மடிந்து கிடக்கும்,
விரலுக்கு வரப்புப்போலத் தட்டுப்படும்.
காலரிலும் இதே கணக்குதான்.
ஆனால் காலரின் மேல் யாரும் தூங்குவதில்லை.

நடுவில் எங்கள் பழைய போர்வை, வெட்டியது.
கீழே மஞ்சள் ஃப்ளானல்.
மூலைக்கொரு பொத்தான் வைக்க ஆசை;
வாயில் போட்டுக்கொள்ளும், வேண்டாம்.
நூலாலேயே முடிச்சிட்டேன்,
இழுத்து, இன்னொன்று, இன்னொன்று.

அக்டோபர் மழையில் உம்லாசிக்கு டாக்ஸி.
மன்னிப்பு கேட்கும் ஜுலு வார்த்தையை
வழி முழுக்க நாக்கில் உருட்டினேன்.
நடுவில் ஒரு சொடுக்கு வரும்,
குதிரையை விரட்டுகிற மாதிரிச் சத்தம்.
பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் சிரித்தான்.
கடைசிவரை எனக்கு விழவில்லை.

வாங்கினாள். நன்றி சொல்லவில்லை.
இரண்டு கட்டைவிரலால் தையலை இழுத்துப் பார்த்தாள்,
க்வாலிட்டி மேஜையில் பார்ப்பதுபோல,
வரிசை வரிசையாய்.
ஐந்தாவதில் நின்றாள்.
'இங்கே கோணல்.'
'கரண்ட் போய்விட்டது.'
'ஸ்டேஜ் நாலா?'
'நாலு.'

பிள்ளை கொட்டாவி விட்டது.
செங்காவிச் சதுரத்தைக் காலால் உதைத்துத் தள்ளியது.
அவள் கட்டிலில் கொஞ்சம் நகர்ந்தாள்,
ஓர் ஆள் உட்காரும் அளவு இல்லை,
கிட்டத்தட்ட.

டீ வந்தது.
எத்தனை சர்க்கரை என்று கேட்கவில்லை.
மூன்று போட்டிருந்தாள், சரியாக.
எதையும் மறக்கிறவள் இல்லை நொமூசா.